சுகர் இருக்குனு சொல்லிட்டாங்களா? எந்த சுகர்னு கேளுங்க

நம்ம தண்டையார்பேட்டை பக்கம் சுகர் இல்லாத வூட்டதான் தேடணும், அதனால எனக்கு 37 வயசுல வந்தப்போ யாரும் பெருசா ஆச்சரியப்படல, நானும்தான். ராத்திரில நாலு தடவ எந்திரிச்சு பாத்ரூம் போவேன், எவ்ளோ தண்ணி குடிச்சாலும் நாக்கு ஒட்டும், ஒடம்பு வேற எளச்சிட்டே போச்சு. வூட்டுக்கு பக்கத்துல இருக்குற ஒரு கிளினிக்ல பாத்தாங்க, 280. ரெண்டு மாத்திரை எழுதி கொடுத்து வாய கட்டுங்கனு அனுப்பிட்டாங்க.

ஒரு எட்டு மாசம் ஓகேவா போச்சு. அப்புறம் ஏற ஆரம்பிச்சது, ஒவ்வொரு தடவ போறப்பவும் ஒரு மாத்திரை சேரும், கூடவே ஒரு திட்டும் சேரும், சோத்த அமுக்குறீங்களானு. நான் சோத்தையே விட்டுட்டேன் சார், மூணு வேளையும் சப்பாத்தி, கல்மண்டபம் பக்கம் போனா பஜ்ஜி கடைய திரும்பி கூட பாக்க மாட்டேன், அப்படி இருந்தும் பெல்ட்டுக்கு ரெண்டு ஓட்டை புதுசா போட வேண்டியதா போச்சு. ஒன்றரை வருஷம் கழிச்சு அரசு ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "எப்பவாவது குண்டா இருந்திருக்கியாப்பா?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. இல்லமா, எப்பவுமே இப்டித்தான்னேன். ரெண்டு டெஸ்ட் எழுதி கொடுத்தாங்க, ரிசல்ட் வந்ததும் கதையே மாறிடுச்சு. எனக்கு இருந்தது எல்லாரும் சொல்ற டைப் 2 கிடையாது, அதாவது இன்சுலின் சுரந்தும் ஒடம்புல அது சரியா வேலை செய்யாத வகை கிடையாது. அந்த ஒன்றரை வருஷம் உங்களுக்கு வேஸ்ட் ஆகக்கூடாதுனுதான் இத எழுதுறேன்.

மொதல்ல சுகர் இருக்கா இல்லையானு ஒழுங்கா கன்ஃபார்ம் பண்ணுங்க. கேம்ப்ல விரல்ல குத்தி பாக்குற மெஷின் ஒரு எச்சரிக்கைக்குதான், அத வச்சு முடிவு பண்ண கூடாது, லேப்ல நரம்புல ரத்தம் எடுத்து பாக்கணும். வெறும் வயித்துல 126 இல்ல அதுக்கு மேல, 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 200 இல்ல மேல, மூணு மாச சுகர காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட்ல 6.5 சதவீதம் இல்ல மேல, இதான் கணக்கு. தாகம், எடை குறையுறது மாதிரி அறிகுறி எதுவும் இல்லாம ஒரே ஒரு ரிசல்ட் மட்டும் மேல போயிருந்தா இன்னொரு தடவ பாத்துதான் சொல்லணும். வெறும் வயிறுனா குறைஞ்சது 8 மணி நேரம், தண்ணி குடிக்கலாம், டீ கூடாது, "சக்கரை போடாத டீதான்மா"னு எங்கம்மா லேப்ல சண்ட போட்டாங்க, அதுவும் கூடாது. டெஸ்டுக்கு மொத நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல ரிப்போர்ட் வாங்குறதுல ஒரு புண்ணியமும் இல்ல.

ஹெச்பிஏ1சி மூணு மாச சராசரினு சொல்வாங்க, கரெக்ட்தான், ஆனா அது ரத்த சிவப்பணுவ வச்சு பாக்குற கணக்கு. ரத்தசோகை இருந்தா கணக்கு தப்பும். இரும்புச்சத்து கம்மியா இருந்தா கூட்டி காட்டலாம், சமீபத்துல ரத்தம் ஏத்தியிருந்தா இல்ல டயாலிசிஸ்ல இருந்தா குறைச்சு காட்டலாம். எங்க அண்ணிக்கு ஹீமோகுளோபின் 8தான், அவங்களுக்கு ஹெச்பிஏ1சி மட்டும் வச்சு சுகர்னு சொல்லிட்டாங்க, வெறும் வயித்துல பாத்தா 98. பொம்பளைங்க இத கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இப்ப முக்கியமான மேட்டர். பெரியவங்களுக்கு வர்ற சுகர்ல பெரும்பாலும் டைப் 2தான், அதுல டவுட் இல்ல, அதனாலதான் டாக்டருங்க வேற எதையும் யோசிக்காம எழுதிடுறாங்க, காலைல கிளினிக் வாசல்ல நிக்கிற கூட்டத்துக்கு அவங்க மேல மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஒடம்போட எதிர்ப்பு சக்தியே கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்ல அழிக்கிற டைப் 1 இருக்கு பாருங்க, அது சின்ன பசங்களுக்கு மட்டும் வர்றது இல்ல, முப்பது நாப்பது வயசுலயும் வரும். பெரியவங்களுக்கு மெதுவா வர்றதுக்கு லாடானு பேரு, ஆரம்பத்துல மாத்திரைக்கு கட்டுப்படும், அதான் ஏமாத்திடும். எனக்கு இருந்தது இதுதான்.

அப்புறம் கணைய சுகர். கணையத்துல கல்லு சேர்ந்து அதனால வர்றது, நம்ம தமிழ்நாடு கேரளா பக்கம் பாத்து பழகுன நோய். அடிக்கடி மேல்வயித்துல வலி வந்து முதுகு வரைக்கும் இழுக்கும், ஒல்லியா இருப்பாங்க, மலம் எண்ணெய் பசையா போகும். வயித்து எக்ஸ்ரேலயோ ஸ்கேன்லயோ கல்லு தெரியும். பல வருஷமா குடிக்கிறவங்களுக்கும் கணையம் கெட்டு வரும். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு எடுக்குறவங்களுக்கு அதனாலயே ஏறும், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பொடி சாப்புடுறீங்கன்னா அதையும் மறைக்காம சொல்லுங்க, உள்ள இன்னா கலந்திருக்குனு யாருக்கு தெரியும். அம்பது வயசுக்கு மேல திடீர்னு சுகர் வந்து எடையும் சரசரனு இறங்கினா கணையத்த ஸ்கேன் பண்ணி பாக்கறது நல்லது.

எப்ப சந்தேகப்படணும்னா, ஒல்லியா இருக்கீங்க, எடை குறையுது, குடும்பத்துல சுகர் இல்ல, உங்களுக்கோ வூட்ல யாருக்கோ தைராய்டு மாதிரி எதிர்ப்பு சக்தி தப்பா வேலை செய்யுற வியாதி இருக்கு, மாத்திரை ஏத்திட்டே போறாங்க ஆனா சுகர் இறங்கல, இதுல ரெண்டு மூணு பொருந்துனா வாய தொறந்து கேளுங்க. "டாக்டர், எனக்கு ஜிஏடி ஆன்டிபாடியும் சி-பெப்டைடும் பாக்கலாமா?" இவ்ளோதான். மொதலாவது ஒடம்பு தன்னோட செல்லையே தாக்குதானு காட்டும், ரெண்டாவது கணையம் சொந்தமா எவ்ளோ இன்சுலின் சுரக்குதுனு காட்டும். சி-பெப்டைட் எடுக்குறப்போ அதே நேரத்து சுகரும் பாக்கணும், சுகர் ரொம்ப ஏறி இருக்குறப்போ கணையம் களைச்சு போய் கம்மியா காட்டலாம், அதனால கொஞ்சம் இறங்குனதுக்கு அப்புறம் திரும்பவும் பாக்க சொல்லலாம். ஜிஏடி நெகட்டிவ்னு வந்தாலும் டைப் 1 இல்லவே இல்லனு ஆயிடாது, வேற ஆன்டிபாடியும் இருக்கு. "கூகுள்ல படிச்சியா"னு ஒருத்தர் என்கிட்ட எரிஞ்சு விழுந்திருக்காரு, கவலப்படாதீங்க, இன்னொரு டாக்டர பாருங்க.

எங்க போறதுனா, ஓல்டு ஜெயில் ரோடு ஸ்டான்லி ஆஸ்பத்திரில சர்க்கரைக்கு தனி பிரிவு இருக்கு, காலைலயே போயிடுங்க, பழைய ரிப்போர்ட்ட தேதி வாரியா அடுக்கி எடுத்துட்டு போங்க. ராயபுரத்துல டாக்டர் எம். விஸ்வநாதன் 1954ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி 1971ல சர்க்கரைக்குனே தனி ஆஸ்பத்திரியா மாறுச்சு, எங்கெங்கயோ இருந்து அங்க வர்றாங்க, நாம ரெண்டு தெரு தள்ளி இருந்துகிட்டு மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்கி முழுங்குறோம். டைப் 2 கன்ஃபார்ம் ஆகி நிலைமை கட்டுப்பாட்டுல இருந்தா மாசா மாசம் அலைய வேணாம், 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வூட்டுக்கே மாத்திரை தர்றாங்க, பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் கொடுங்க.

வகை மாறுனா வைத்தியமும் மாறும். டைப் 2க்கு பெரும்பாலும் மெட்ஃபார்மின்ல ஆரம்பிப்பாங்க, கிட்னி எப்டி இருக்குனு கிரியாட்டினின் பாத்துட்டு. லாடானா கணையத்த அடிச்சு வேலை வாங்குற கிளைமிபிரைட் மாதிரி மாத்திரைய தவிர்ப்பாங்க. டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மூத்திரத்துல சக்கரைய வெளியேத்துற மாத்திரை, இன்சுலின் பத்தாத ஒடம்புக்கு ஆபத்து, சுகர் அவ்ளோ ஏறாமலே ரத்தத்துல அமிலம் சேர்ந்துடும். வாந்தி, வயித்து வலி, மூச்சு வேகமா ஆழமா வாங்குறது, வாய்ல பழ வாசனை, இது வந்தா காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, 108க்கு அடிங்க. டைப் 1ல சாப்புடலனாலும் இன்சுலின மொத்தமா நிறுத்த கூடாது, டாக்டர் சொல்லாம மாத்திரையும் மாத்த கூடாது.

இன்சுலின்னு சொன்னதும் எங்கம்மா அழுதாங்க, கடைசி கட்டம்னு நெனச்சு. மூணு மாசத்துல எனக்கு ஆறு கிலோ ஏறிச்சு, சோறும் திரும்ப வந்துச்சு. ஊசில ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை. நம்ம ஊர்ல கிடைக்குற பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. மாத்தி போட்டா டோஸ் ரெண்டு மடங்குக்கு மேல எகிறிடும், இல்ல பாதி கூட போகாது. மெடிக்கல்ல அவசரத்துல எத கொடுத்தாலும் வாங்கிட்டு வந்துடாதீங்க, பாட்டில கைல எடுத்துட்டு போய் காட்டி வாங்குங்க. சுகர் 70க்கு கீழ இறங்கி கை நடுங்குனா மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கலக்கி குடிச்சிட்டு 15 நிமிஷத்துல திரும்ப பாருங்க. பாட்டில ஃப்ரிட்ஜ் கதவு பக்கம் வைங்க, ஃப்ரீசர்ல வேணாம், உறைஞ்சிட்டா தூக்கி போட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாத வூட்ல ரெண்டு மண்சட்டி, நடுவுல ஈர மணல், உள் சட்டில பாட்டில பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைங்க, மணல் காயாம தண்ணி தெளிச்சிட்டே இருக்கணும், மே மாச வெயில்ல கரண்ட் போற நாள்ல நானும் அப்டித்தான் வைக்கிறேன்.