பழைய மீற்றருக்குப் பின்னொளி

இரணைமடுப் பக்கம் வயல் கிணறுகளில் மோட்டார் திருத்தப் போனால் வேலை முடிய இருட்டிவிடும். மின்னழுத்தம் அளக்கும் என் பழைய டிஜிற்றல் மல்ரிமீற்றரில் எண் தெரியாது. ரோச்சைப் பல்லில் கவ்விக்கொண்டுதான் பார்ப்பேன். 230 வோல்ற்றுக்கு முன்னால் அது ஆபத்து.

வயர்களைக் கழற்றிவிட்டு மீற்றரைத் திறந்தேன். திரையின் பின்னால் வெள்ளித் தாள் ஒட்டியிருந்தது. அது இருக்கும்வரை பின்னொளி ஊடுருவாது. உரித்தபோது போலரைசர் தாளும் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) சேர்ந்து வந்துவிட்டது, எண்களே மறைந்துபோயின. நெஞ்சு பதறியது. பழுதான கல்குலேற்றர் ஒன்றின் முன்பக்கத் தாளை வெட்டி வைத்துப் பார்த்தேன். கறுப்பில் வெள்ளை எண் வந்தது. 90 பாகை திருப்பியதும் சரியாகிவிட்டது.

அப்புறம், ஒளியைப் பரப்பத் திரையின் பின்னால் ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் வெட்டிய பால்நிறத் துண்டு. அதன் ஓரத்தில் இரண்டு வெள்ளை எல்.ஈ.டி. தொடராக, 680 ஓம் தடையுடன். 9 வோல்ற் பற்றரியில் சுமார் 4 மில்லி அம்பியர்தான் இழுக்கும். எல்.ஈ.டி. வயரைப் பற்றரி முனைகளிலேயே இணையுங்கள். கறுப்பு வயர் செருகும் கொம் துளை பற்றரியின் எதிர்முனை அல்ல. பின்னொளியை ஏற்ற அமுக்கும் சுவிச் கட்டாயம் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். ஏனென்றால் நாம் அளக்கும் மின்னழுத்தம் உள்ளே பற்றரிவரை வந்து நிற்கும்.

நேற்று பொழுதுபட்ட பிறகும் ரோச் இல்லாமலே ஒரு மோட்டாரைப் பார்த்து முடித்தேன்.