ஜூன் 5-இல் கன்று நடாதீர்கள்: தொழிலோடு சூழல் வேலையும் செய்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

கோவையின் சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் புதிதாக நிறுவனம் தொடங்கும் பிள்ளைகள் பலர், கூடவே ஏதாவது ஒரு சூழல் வேலையையும் கையில் எடுக்கிறார்கள். குளக்கரையில் கன்று நடுவது, ஓடைப் பள்ளத்தில் தேங்கிய பிளாஸ்டிக்கை அள்ளுவது, வீட்டுக் குப்பையை உரமாக்குவது என்று. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எங்கள் குழு ஆரம்பத்தில் இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். நேரத்தைத் திட்டமிடுங்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விழா நாள் பார்த்து நடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மே கடைசியில் போன் வரும். "அண்ணா, ஜூன் அஞ்சாந்தேதி முந்நூறு கன்னு வெக்கறோம்ங்க, நீங்க வந்து ஒண்ணு நட்டுக் குடுக்கோணும்."

உலகச் சுற்றுச்சூழல் தினம் 1973 முதல் ஜூன் 5-இல் கொண்டாடப்படுகிறது. பாலக்காட்டில் அந்தச் சமயம் பருவமழை தொடங்கும். இங்கே நமக்கு வருவது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து ஆவணி வரை அடிக்கும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். ஆலாந்துறை, பேரூர் பக்கம் சாரலாவது எட்டும். கிழக்கே போகப் போக வறண்ட காற்றுதான் மிச்சம். புதிதாக நட்ட கன்று வேர் பிடிப்பதற்கு முன்பே ஈரத்தை இழந்து, ஆட்டத்தில் வேரும் அசைந்து, ஆடி முடிவதற்குள் குச்சியாகிவிடும்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றாங்களே அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டார். அது விதைக்கு. நிலத்திலேயே முளைக்கும் பயிர் அந்தக் காற்றுக்குப் பழகியே எழும், சில மாதங்களில் அறுவடையும் முடிந்துவிடும். நாற்றங்கால் நிழலில் தினமும் தண்ணீர் குடித்து வளர்ந்த கன்றை அந்தக் காற்றில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. கோவையின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர். அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. ஐப்பசியில் மண் நன்றாக நனைந்த பிறகு நடுங்கள்.

சரி, தேதியை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஐப்பசியில் நட்ட கன்றுக்கு மார்கழி வரை பெரிதாகக் கவலையில்லை. மாசியிலிருந்து வைகாசி வரை தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும். தொழில் நடத்துகிறவருக்கு அது எப்படிப்பட்ட காலம்? மார்ச் 31-க்குள் கணக்கு முடிக்க வேண்டும், பாக்கி வசூலிக்க வேண்டும், ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க வேண்டும். நாங்கள் திருப்பூர் பின்னலாடைக் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். மார்ச்சில் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் நாட்களே குறைவு. "வாராவாரம் நான் போய் ஊற்றிவிடுகிறேன்" என்று ஐப்பசியில் உண்மையான ஆசையோடு சொன்னவர்கள் யாரையும் பங்குனியில் கரையில் பார்க்க முடியாது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. கன்றுக்கும் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் தாகம் எடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே நடுவதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். 200 கன்று, ஒன்றுக்கு வாரம் 10 லிட்டர் என்றால் வாரத்துக்கு 2,000 லிட்டர். பதினாறு வாரத்துக்கு 32,000 லிட்டர். டிராக்டர் டேங்கருக்கு வாடகை, ஊற்றும் ஆளுக்குக் கூலி, வெள்ளாடு கடிக்காமலிருக்க முள் அடைப்பு. அடுத்த கோடைக்கும் இதே செலவு. அந்த ஊரிலேயே ஒருவரை மாதச் சம்பளத்துக்குப் பேசி வையுங்கள். இரண்டு கோடைக்கு அவருக்குச் சம்பளம் தர எவ்வளவு பணம் இருக்கிறதோ, அதற்குத் தகுந்த கன்றுகளை மட்டும் வாங்குங்கள். முந்நூறு நாற்பதாகக் குறையலாம். குறையட்டும்.

அன்னூர் பக்கம் ஒரு பெரியவரிடம் அவர் தோட்டத்து வேலியோரம் நடலாமா என்று கேட்கப் போயிருந்தோம். எங்கள் திட்டத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "கன்னு எத்தனைங்கறத விடுங்க தம்பி. சித்திரையில தண்ணி யாரு ஊத்துவாங்க, அதச் சொல்லுங்க" என்றார். புதிதாக வருகிறவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

எந்த மரம் என்று கேட்டால் வேம்பு, புங்கன், இலுப்பை. காய்ந்த காடாக இருந்தால் வெள்வேல். காங்கேயம் பக்கம் மாடு மேயும் கொரங்காடுகளில், பெய்யும் மழையை மட்டும் நம்பி நிற்கிற மரம் அது.

கன்றுகளைக் கணக்கு வைக்கச் செயலி செய்வது

வேண்டாம். ஒரு நோட்டும் வாட்ஸ்அப் குழுவும் போதும்.

குளம் யாருடையது என்று கேட்காமல் இறங்குவது

சில குளங்கள் நீர்வளத்துறையிடம், சில மாநகராட்சியிடம், சில ஊராட்சியிடம். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். கரை மேல் கண்ட இடத்தில் குழி தோண்டினால் கரையே பலவீனமாகும்; எங்கே நடலாம் என்பதைப் பொறியாளர் காட்டட்டும். கோவையில் 2003 முதல் சிறுதுளி போன்ற அமைப்புகள் குளங்களில் வேலை செய்துவருகின்றன. ஏற்கெனவே ஆள் இருக்கும் குளத்தில் தனிக்கொடி நடாமல் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

ஊழியர்களை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவது

சம்பளம் கொடுப்பவர் கூப்பிட்டால் அவர்களால் மறுக்க முடியாது. கூப்பிடாதீர்கள்.

சிஎஸ்ஆர் பணத்தை நம்பி டிரஸ்ட் பதிவு செய்வது

சிஎஸ்ஆர் என்பது பெரிய நிறுவனங்கள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய கடமை. 2013 கம்பெனிகள் சட்டப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்ட நிறுவனங்களுக்குத்தான் இந்தக் கடமை. அவர்களிடம் பணம் வாங்கி வேலை செய்யும் டிரஸ்டுக்கு வருமான வரிப் பதிவுகளும் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் செய்யும் பதிவும் வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டு வேலை செய்த அனுபவத்தையும் காட்ட வேண்டும். இன்று பதிவு செய்தால் நாளைக்குப் பணம் வராது. வருவது வருடாவருடம் கணக்கு எழுதும் வேலை. முதல் இரண்டு கோடைக்குச் சொந்தப் பணமும் நண்பர்கள் பணமும் போதும். ஆனால் அதைக் கம்பெனிக் கணக்கில் கலக்காதீர்கள். பின்னால் முதலீட்டாளர் ஏட்டைப் புரட்டும்போது டேங்கர் வாடகைக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

சொந்தத் தொழிலின் கழிவைப் பார்க்காமல் நொய்யல் ஆற்றுக்குப் போவது

திருப்பூரில் டி-ஷர்ட் பிராண்டு தொடங்கிய ஒருவர் ஞாயிறுதோறும் நொய்யலில் குப்பை அள்ளுகிறார். நல்ல மனது. "உங்க துணிக்கு எங்கே சாயம் போடறாங்க?" என்று கேட்டேன். ஏஜென்ட்டுக்குத்தான் தெரியும் என்றார்.

பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கிப் பாசனத்துக்கே ஆகாமல் போனதை இந்தப் பகுதி மறக்கவில்லை. கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதனால் துணிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே பட்டறைக்காரரிடம் கேளுங்கள்: சொந்தச் சுத்திகரிப்பு நிலையமா, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உறுப்பினரா? தண்ணீரைத் திரும்ப எடுத்த பின் மிஞ்சும் உப்பை எங்கே வைக்கிறார்? ஏஜென்ட் சொன்னால் போதும் என்று விடாமல், ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், கிலோவுக்குச் சில ரூபாய் கூடினாலும் பட்டறையை மாற்றுங்கள்.