எடிட்டர் தேர்வா? சர்வரில் இருந்து ஆரம்பியுங்கள்

நிரலோ கான்பிக்கோ (அமைப்பு ஃபைல்) எழுத எந்த எடிட்டர் நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேலை எங்கே, உங்கள் லேப்டாப்பிலா, எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் டெர்மினலில் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழையும் சர்வரிலா? இரண்டிலும் என்றால் இரண்டு எடிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை.

முதலில் சர்வர். அங்கே நம் விருப்பம் செல்லாது, இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். உபுண்டு லினக்ஸில் பெரும்பாலும் நானோ என்ற எளிய எடிட்டர் இருக்கும். சேமிக்க கன்ட்ரோல் ஓ, வெளியே வர கன்ட்ரோல் எக்ஸ். அதையும் திரையின் அடியிலேயே எழுதிக் காட்டிவிடும். ஆனால் ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸ் ஓடும் கன்டெய்னருக்குள் (செயலியைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டி) போனால் நானோ கிடைக்காது, பிஸிபாக்ஸ் என்ற சின்னக் கருவித் தொகுப்போடு வரும் குட்டி விஐ எடிட்டர்தான் கதி. 1976-இல் பில் ஜாய் எழுதிய விஐ இன்று பாசிக்ஸ் என்ற யூனிக்ஸ் பொதுத் தரத்திலேயே இருக்கிறது, அதனால் எந்தப் பழைய யூனிக்ஸ் பெட்டியிலும் அதன் ஏதோ ஒரு வடிவம் இருக்கும் என்று நம்பிப் போகலாம். பிடிக்காவிட்டாலும் உயிர் தப்பும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள்: எழுத ஐ, எழுதி முடித்ததும் எஸ்கேப், செய்ததைத் திரும்பப் பெற யு, சேமித்து வெளியேற கோலன் டபிள்யூ க்யூ, சொதப்பிவிட்டால் கோலன் க்யூ ஆச்சரியக்குறி.

இது தெரியாத காலத்தில் நான் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கான்பிக் ஒன்றை விம்மில் (விஐயின் மேம்பட்ட வடிவம்) திறந்துவிட்டு, வெளியே வர வழி தெரியாமல் டெர்மினல் ஜன்னலையே மூடினேன். மறுபடி திறந்தபோது ஸ்வாப் ஃபைல் இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு எச்சரிக்கை, ஏதோ சர்வரையே கெடுத்துவிட்டோம் என்று வியர்த்துவிட்டது. (மூடிய ஜன்னலில் சேமிக்காமல் விட்டதை மீட்கத்தான் அந்த ஃபைல்.) விம் நிறுவியிருக்கும் கணினியில் பெரும்பாலும் விம்டியூட்டர் என்ற பயிற்சியும் இருக்கும், அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

லேப்டாப்புக்கு மைக்ரோசாஃப்டின் விஎஸ் கோடு எடிட்டர் போதும், பெரிதாக யோசிக்க வேண்டாம். லேப்டாப்பில் இருந்தபடியே சர்வர் ஃபைலைத் திருத்த உதவும் அதன் ரிமோட் எஸ்எஸ்எச் வசதி அருமைதான், ஆனால் அது சர்வரிலும் ஒரு நிரலை இறக்கி ஓட்டும்; 512 எம்பி ராம் உள்ள மலிவான விபிஎஸ்ஸுக்கு (வாடகை மெய்நிகர் சர்வர்) மூச்சு வாங்கும். கீபோர்டை விட்டுக் கை எடுக்கப் பிடிக்காதவர்கள் விம்மில் இருந்து கிளைத்த நியோவிம் பக்கம் போகலாம், ஆனால் கான்பிக் எழுதுவதே முழுநேர வேலையாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் முதல் இரண்டு வாரம் பிளகின் (கூடுதல் வசதி) எதுவும் போடாமல் ஓட்டிப் பாருங்கள், உண்மையில் எது குறைகிறது என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறம், உங்கள் ஃபைலில் தமிழ் வரி வருமென்றால் 'கொக்கு' என்று அடித்து கர்சரை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பாருங்கள். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் தனித்தனியாகப் போய் நிற்கும், கர்சர் எங்கே இருக்கிறதென்றே புரியாது. டெர்மினலுக்குள் ஓடும் எடிட்டரை மட்டும் மாற்றினால் இது பெரும்பாலும் சரியாகாது, டெர்மினலையே மாற்றிப் பார்க்க வேண்டும்.