மணிக்கட்டில் ஒரு பரிணாமத் தடயத்தைக் கண்டறியும் முறை

முன்கையை மேசையின் மீது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, பெருவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒன்றோடொன்று அழுத்திச் சேர்த்தபடி, மணிக்கட்டைச் சற்றே உள்நோக்கி மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் மெல்லிய கயிறு போல ஒரு நாண் தோலைத் தூக்கிக்கொண்டு எழுந்தால், அதுவே பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் தசையின் நாண். விரல்களை மடக்கும் நாண்கள் மணிக்கட்டின் குறுக்கே உள்ள இழைப்பட்டைக்கு அடியில் செல்ல, இது மட்டும் அதற்கு மேலாகச் சென்று உள்ளங்கைத் தோலுக்கு அடியிலுள்ள இழைத்தகட்டில் விரிவதால்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. பெருவிரல் பக்கமாகச் சற்றுத் தள்ளித் தென்படும் தடித்த நாண் வேறொரு தசைக்குரியது. இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது என்பதால், ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நடு நரம்பு மிக அருகிலேயே ஓடுவதால் அழுத்த வேண்டாம்.

நாண் தெரியவில்லை என்றால் கவலைப்படத் தேவையில்லை. ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு ஒரு கையிலோ இரு கைகளிலுமோ இத்தசை இருப்பதில்லை. இவ்விகிதம் மக்களினத்திற்கு ஏற்ப வெகுவாக மாறுபடும். மரங்களில் வாழும் குரங்குகளிடம் நன்கு வளர்ந்துள்ள இத்தசை, மனிதரிடம் பயன் குன்றிச் சுருங்கிவிட்டது. இல்லாதவரின் பிடிவலிமையிலும் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படுவதில்லை. ஆகவேதான் அறுவை மருத்துவர்கள் வேறிடத்தில் அறுந்துபோன நாணைச் சீரமைக்க இதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இது எனக்கு மிகவும் வியப்பளிக்கும் செய்தி. ஒரு கையின் நிலையைக் கொண்டு மறுகையை முடிவுசெய்ய இயலாது என்பதால், இரண்டையும் தனித்தனியே சோதித்துப் பாருங்கள்.