ஆரல்வாய்மொழிக் காற்றைத் தகட்டில் கீறுவோம்: எட்சிங் முதல் பாடம்

உலோகத் தகட்டில் கோடு கீறி, அதைக் கரைசலில் அரிக்கவிட்டு, மை நிரப்பித் தாளில் அச்செடுப்பதுதான் எட்சிங். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் பக்கம் பாயும்போது, நோட்டும் பென்சிலுமாகப் போய் நில்லுங்கள். பனையை வரைய வேண்டாம். காற்றாலை வேண்டவே வேண்டாம், காலண்டர் படமாகிவிடும். ஓலை எந்தப் பக்கம் இழுபடுகிறது, புல் எங்கே படுத்து எங்கே நிமிர்கிறது என்ற ஓட்டத்தை மட்டும் கோடுகளாக்குங்கள்.

உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு போதும். ஓரங்களை அரத்தால் சரிவாகத் தேயுங்கள். இல்லையேல் அச்சிடும்போது தாள் கிழியும். சோப்பால் பிசுக்குப் போகக் கழுவி, முன்பக்கம் கறுப்பு பிட்டுமன் (தார்) பெயின்ட்டை மெல்லிதாகப் பூசி, பின்பக்கம் பார்சல் டேப் ஒட்டுங்கள். மாவட்டத்தின் மேற்கே, விளவங்கோட்டு மழையில் பூச்சு காயத் தாமதமாகும். கிழக்கே தோவாளைக்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு.

காய்ந்ததும் கோணி ஊசியால் கீறுங்கள். பூச்சு விலகினால் போதும், உலோகத்தை அரிப்பது கரைசலின் வேலை. அச்சில் இடம் வலமாகும். தாளில் காற்று வலப்பக்கம் ஓட வேண்டுமானால், தகட்டில் இடப்பக்கம் ஓடவிடுங்கள்.

ரப்பருக்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி அடிக்கிற மாவட்டம் இது. அரிக்கும் கரைசலுக்கான மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) உரக்கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் அது 75 கிராம், உப்பு 75 கிராம். பிளாஸ்டிக் தட்டு, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தகட்டை அமிழ்த்தியதும் கரைசல் சூடாகும், ஹைட்ரஜன் குமிழும் எழும். ஆகவே திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டத்தில் செய்யுங்கள். கோடுகளில் செந்நிறமாகப் படியும் செம்பைக் கோழி இறகால் தள்ளிக்கொண்டே இருங்கள்.

அசைவு பிறப்பது இந்தக் கட்டத்தில்தான். எல்லாக் கோடும் ஒரே ஆழத்தில் அரிபட்டால் காற்று நின்றுவிடும். சில நிமிடங்களில் தகட்டை எடுத்துக் கழுவி உலர்த்தி, தொலைவுச் சரிவின் கோடுகளைப் பெயின்ட்டால் மூடுங்கள். காய்ந்தபின் மறுபடி அமிழ்த்துங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. முதலில் மூடியவை மயிரிழையாக நிற்கும், கடைசிவரை கிடந்தவை கறுத்துத் தடிக்கும். எவ்வளவு நேரம் என்பது சூட்டைப் பொறுத்தது, ஒரு துண்டுத் தகட்டில் முன்பே சோதித்துவிடுங்கள்.

நீலம் வெளுக்கும்வரை கரைசலைத் திரும்பப் பயன்படுத்தலாம். குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். செம்பு மீன்களுக்கு நஞ்சு.

டர்பென்டைனில் பூச்சைத் துடைத்தெடுத்து, கெட்டியான எட்சிங் மையைக் கோடுகளுக்குள் அழுத்தித் தேயுங்கள். கஞ்சி போட்ட துணியால் மேற்பரப்பை மட்டும் துடையுங்கள். நனைத்து ஒற்றியெடுத்த தடித்த பருத்தித் தாளை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் அச்சு இறங்கும். வெளிறி வந்தால் முதலில் தாளின் ஈரத்தைப் பாருங்கள். தகட்டை மறுபடி அரிக்க அவசரப்பட வேண்டாம்.