மகரந்த அலர்ஜித் தும்மல்: மூக்கை உப்புநீரில் கழுவும் முறை

மழை ஓய்ந்து சில வாரங்களில் கோவைப் பக்கம் காலி சைட்டுகளில் எல்லாம் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அதோடு அடுக்குத் தும்மலும், தண்ணீராய் ஒழுகும் மூக்கும், கண் அரிப்பும் ஆரம்பிக்கும். காய்ச்சல் இருக்காது. ஆனால் வாரக்கணக்கில் விடாது, அடுத்த வருஷம் அதே சீசனில் திரும்ப வரும். எனக்கு இதில் பெரிய நிம்மதி கொடுத்தது உப்புநீரால் மூக்கைக் கழுவுவதுதான். யோகா வகுப்புகளில் ஜல நேதி என்பார்கள்.

காரணம் எளிது. மூக்கின் உட்சவ்வில் ஒட்டும் மகரந்தத்தை உடம்பு எதிரியாக நினைத்து, தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது. மகரந்தத்தையே கழுவி வெளியேற்றினால் தும்மலுக்கான தூண்டுதல் குறையும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வும் இது அலர்ஜித் தொந்தரவைக் குறைக்கக்கூடும் என்றே சொல்கிறது. ஆனால் கிடைத்த ஆதாரங்கள் அவ்வளவு வலுவானவை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

1. தண்ணீர். நன்றாகக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடிவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரத்தில் மூன்று நிமிஷம். இதில் மட்டும் சமரசமே வேண்டாம். நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா வாய் வழியாகப் போனால் ஒன்றும் செய்யாது. மூக்கில் ஏறினால் மூளைக்குப் போய்விடும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரில் மூக்கைக் கழுவிய இருவர் இதனால் இறந்திருக்கிறார்கள். ஆர்.ஓ. தண்ணீர் என்றாலும் கொதிக்க வைத்தே ஆகவேண்டும்.

2. உப்பு. பலரும் முதல் நாளே கைவிடுவது இங்கேதான். வெறும் தண்ணீர் மூக்கில் ஏறினால் நெற்றி வரை சுள்ளென்று எரியும். உப்பு கூடினாலும் எரியும். நம் ரத்தத்துக்கு ஒத்த அளவு 0.9 சதவீதம், அதாவது ஒரு லிட்டருக்கு 9 கிராம். 250 மி.லி. டம்ளருக்குக் கணக்குப் போட்டால் சுமார் இரண்டேகால் கிராம். "அரை டீஸ்பூன்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு ஸ்பூன் வேறு, குவித்து எடுப்பதும் தட்டி எடுப்பதும் வேறு. அதனால் சமையலறைத் தராசில் 9 கிராம் நிறுத்து ஒரு லிட்டரில் கரைப்பது நல்லது. கூடவே ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் எரிச்சல் இன்னும் குறையும். பாக்கெட் தூள் உப்பில் அயோடினும் கட்டி சேராமல் இருக்கும் சேர்மானமும் இருப்பதால் சிலருக்கு உறுத்தும். என் தேர்வு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மூக்கு கழுவும் உப்புப் பாக்கெட்தான். அளவுக் குழப்பமே கிடையாது.

3. கழுவுதல். வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாயுங்கள். நெற்றியும் தாடையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கட்டும். தலை பின்பக்கம் போனால் தண்ணீர் தொண்டைக்கு இறங்கிவிடும். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டபடி மேல் நாசியில் மெல்ல ஊற்றினால் கீழ் நாசி வழியே வரும். பிறகு மறுபக்கம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் நேதிக் கெண்டியைத்தான் (நீண்ட மூக்குள்ள சின்னச் செம்பு) சொல்வேன், அமுக்கும் பாட்டில் வேண்டாம். வேகமாக அமுக்கினால் காது அடைக்கும்.

4. வடித்தல். முன்னால் குனிந்து, இரண்டு நாசியையும் திறந்தபடி மெதுவாகச் சிந்துங்கள். ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு பலமாகச் சிந்தக் கூடாது. கெண்டியைக் கழுவிக் காயவையுங்கள்.

சீசனில் நான் வெளியே போய்வந்ததும் ஒருமுறை செய்வேன். அதோடு முகம், தலைமுடி கழுவி உடை மாற்றுவதும் முக்கியம். முடியில் ஒட்டிய மகரந்தம் தலையணைக்கு வந்துவிடும். மொட்டை மாடியில் துணி காயப்போடுவதை அந்த வாரங்களில் தவிர்க்கலாம். வண்டியில் போகும்போது என்95 மாஸ்க். ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் அடைப்பு விடும், அவ்வளவுதான். தினம் தேன் சாப்பிட்டால் அலர்ஜி போய்விடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

வீட்டருகே பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோலில் பட்டாலே சிலருக்குத் தடித்து அரிக்கும். அலர்ஜி இருப்பவர் தானே பிடுங்க வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள், எப்போது டாக்டரிடம் போவது, மூக்கு ஸ்ப்ரேயை எப்போது அடிப்பது. இழுப்பு, நெஞ்சு இறுக்கம், ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம் வருதல் இருந்தால் இதை நம்பி இருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. காது வலி இருந்தாலோ அண்மையில் மூக்கில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ கேட்காமல் செய்யாதீர்கள். டாக்டர் மூக்கு ஸ்ப்ரே கொடுத்திருந்தால் கழுவிய பிறகு அடியுங்கள். முதலில் அடித்தால் மருந்தும் தண்ணீரோடு போய்விடும்.