முன்பண நோட்டிலிருந்து தொடங்குங்கள்: சேலத்துச் சிறு நிறுவனங்களுக்கான கட்டாய உழைப்புத் தடுப்பு வழிமுறை

துண்டு, படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஆகியவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பும் சேலத்துச் சிறு நிறுவனங்களுக்கு, கொள்முதல் செய்வோரிடமிருந்து ‘உங்கள் உற்பத்தியில் நவீன அடிமைமுறை உண்டா’ என்று கேட்கும் வினாப்பட்டியல் வருவதுண்டு. பிரிட்டனில் ஆண்டு விற்றுமுதல் 3 கோடியே 60 லட்சம் பவுண்டை எட்டும் நிறுவனங்கள் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும், ஆஸ்திரேலியாவில் 10 கோடி டாலர் வருவாயை எட்டும் நிறுவனங்கள் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் இதுபற்றி அறிக்கை தர வேண்டியிருப்பதால், அந்தக் கேள்வி படிப்படியாக இறங்கி நம் மேசைக்கு வந்து சேர்கிறது. பலர் ‘இல்லை’ என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை இங்கே விளக்குகிறேன்.

முதலில், எதைத் தேடுகிறோம்?

சங்கிலியும் சவுக்கும் தேடினால் எதுவும் கிடைக்காது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தேடச் சொல்வது வேறு. வாங்கிய கடனுக்காகவோ முன்பணத்துக்காகவோ ஒருவர் கூலியின்றி அல்லது பெயரளவுக் கூலிக்கு உழைத்தாலும், வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழந்தாலும், விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் இருந்தாலும், தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்க முடியாமல் இருந்தாலும் அது கொத்தடிமை முறைதான். இவற்றுள் ஒன்று இருந்தாலே போதும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்திருக்கிறது.

படி 1: சரக்கு வந்த வழியை எழுதுங்கள்

ஒரு தாளில் உங்கள் கிடங்கிலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு போங்கள்: மடித்துக் கட்டும் இடம், ஓரம் தைக்கும் வீடுகள், தறிப்பட்டறை, பாவு (நெசவின் நீளவாட்டு நூல்) ஓட்டும் இடம், சாயப்பட்டறை, நூற்பாலை. இளம்பிள்ளையிலோ ஜலகண்டாபுரத்திலோ ஒரு பட்டறைக்கு வேலை கொடுத்தால், அந்தப் பட்டறைக்காரர் பாதி வேலையைப் பக்கத்துப் பட்டறைக்கு மாற்றிவிட்டிருக்கக்கூடும். அதையும் கேட்டு எழுதுங்கள். நூற்பாலை என்றால், விடுதியில் தங்கியிருக்கும் இளம்பெண்களுக்கு மாதந்தோறும் முழுச் சம்பளம் போகிறதா, அல்லது ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகே மொத்தத் தொகை என்று நிறுத்தி வைக்கப்படுகிறதா என்பதே முதல் கேள்வி.

படி 2: முன்பண நோட்டைக் கேளுங்கள்

இந்த வேலையில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம் என்பது என் கருத்து. வருகைப் பதிவேடு ஆய்வுக்கென்றே எழுதப்பட்டிருக்கலாம். யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தோம், எவ்வளவு பிடித்தோம் என்ற கணக்குதான் முன்பண நோட்டு; அதை முதலாளி தமக்காக எழுதி வைத்திருப்பார். அதில் பொய் இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு தறிக்காரர் 60,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார், வாரம் 500 ரூபாய் பிடிக்கிறார்கள் என்று கொள்வோம். 120 வாரத்தில், அதாவது இரண்டேகால் ஆண்டு கடந்த சில வாரங்களில், கடன் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஆடிப் பண்டிகைக்கு 10,000, தீபாவளிக்கு 15,000 என்று அவர் மீண்டும் வாங்கினால், ஆண்டுக்குப் பிடித்தம் 26,000, புதிய கடன் 25,000. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்தான் குறையும். அந்த வேகத்தில் 60,000 ரூபாய் தீர அறுபது ஆண்டுகள் ஆகும். வட்டியே இல்லாத கடன் இது என்பதையும் கவனியுங்கள்.

முன்பணம் கொடுத்ததே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் அதை விட்டால் கந்துவட்டிதான் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாக்கி இருக்கும்போது அவர் வேறு பட்டறைக்குப் போக முடியுமா? ‘பாக்கியைக் கட்டிவிட்டு ஆளை அழைத்துக்கொண்டு போகட்டும்’ என்று பதில் வந்தால், அதை இயல்பான பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற வரம்பையும் அந்த நோட்டிலேயே சரிபார்க்கலாம்.

படி 3: தொழிலாளரிடம் தனியே பேசுங்கள்

முதலாளி பக்கத்தில் நின்றால் எல்லாரும் ‘ஒரு குறையும் இல்லைங்க’ என்றுதான் சொல்வார்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்களிடம் பேச, மேஸ்திரியையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆதார் அட்டையும் வங்கி அட்டையும் யாரிடம் இருக்கின்றன, கடைசியாக ஊருக்கு எப்போது போனார்கள், அப்போது குடும்பத்தில் ஒருவரை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்களா என்று கேளுங்கள். ஏற்காட்டுத் தோட்டங்களில் காபி வாங்குவோர் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: வேலையை விட்டால் லைன் வீட்டை (தோட்டத்தார் தரும் வரிசைக் குடியிருப்பை) எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்?

படி 4: உங்கள் பங்கைப் பாருங்கள்

சரக்கை வாங்கிக்கொண்டு பணத்தை மூன்று மாதம் இழுத்தடித்தால், பட்டறைக்காரரும் கூலியை இழுத்தடிப்பார். மீட்டருக்கு நீங்கள் கொடுக்கும் விலையில் குறைந்தபட்சக் கூலி அடங்குகிறதா என்று கணக்குப் போடுங்கள். அடங்கவில்லை என்றால் ஒப்பந்தத்தில் எத்தனை நிபந்தனை எழுதினாலும் பயனில்லை.

படி 5: கண்டுபிடித்துவிட்டால்

உடனே வேலையை நிறுத்திவிட்டுக் கைகழுவுவது எளிது. அப்படிச் செய்தால் அந்தத் தொழிலாளர்கள் கூலியும் இல்லாமல் கடனோடு நிற்பார்கள். கொத்தடிமையாக வைத்திருப்பது தெரிந்தால் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ தெரிவியுங்கள். குழந்தைகள் இருந்தால் 1098 எண்ணுக்கு அழையுங்கள். விசாரணைக்குப் பின் வழங்கப்படும் விடுவிப்புச் சான்றிதழ்தான் மறுவாழ்வு உதவிக்கு அடிப்படை என்பதால், அது தொழிலாளர் கையில் சேர்ந்ததா என்பதையும் பாருங்கள். கொத்தடிமைக் கடன் சட்டப்படி செல்லாது. அதைத் திரும்பக் கேட்க முடியாது. குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ‘இது கொத்தடிமைக் கடன்’ என்று தொழிலாளர் சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரையே சேர்கிறது.

அந்த அளவுக்குப் போகாத குறைகளுக்குத் தேதி குறித்துத் திருத்தச் சொல்லுங்கள். முன்பணத்தைத் தனித் தாளில் எழுதி, ஒரு நகலைத் தொழிலாளரிடம் கொடுத்து, பாக்கி இருந்தாலும் வேலையை விட்டுப் போகலாம் என்ற வரியை அதில் சேர்க்கச் செய்யுங்கள். வினாப்பட்டியலில் ‘இல்லை’ என்பதற்குப் பதிலாக, எத்தனை பட்டறைகளைப் பார்த்தீர்கள், எதைக் கண்டீர்கள், எதை இன்னும் பார்க்கவில்லை என்று எழுதுங்கள்.

அடுத்த ஆய்வை நிதியாண்டு முடிவுக்கு வைக்காமல் தீபாவளி கழிந்த வாரத்துக்கு வையுங்கள். முன்பண நோட்டில் புதிய பக்கங்கள் எழுதப்படுவது அப்போதுதான்.